இலவசக் கப்பலின் விலை: அட்மிரல் கோர்ஷ்கோவ் விக்ரமாதித்யா ஆன வரலாறு

2004ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் புதுதில்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியத் தரப்பில் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸும் ரஷ்யத் தரப்பில் பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் இவானோவும் முன்னின்ற அந்நிகழ்வில், ரஷ்யாவின் வடகோடியில் பல்லாண்டுகளாகச் செயலற்று நின்ற 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' என்னும் போர்க்கப்பல் இந்தியாவுக்கு உரியதாயிற்று. கப்பலுக்கு விலை இல்லை. புதுப்பித்து மாற்றியமைப்பதற்கு மட்டும் 97.4 கோடி டாலர். 2008ஆம் ஆண்டில் அது இந்தியக் கடலுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வந்து சேர்ந்தது 2014 ஜனவரியில். அதற்குள் விலை 230 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

இந்த வரலாற்றை ஊழல் கதையாக எழுதுவது எளிது; வெற்றிக் கதையாக எழுதுவது அதைவிட எளிது. இரண்டும் எழுதப்பட்டுவிட்டன. ஒரு வேலைக்காகக் கட்டப்பட்ட கப்பலை முற்றிலும் வேறொரு வேலைக்கு மாற்றும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது, அதன் விலையை எவரால் எப்போது அறிய முடியும் என்ற கேள்விதான் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது.

புனைவுலகுக்கு இது ஒரு பொருட்டே அன்று. 1945இல் மூழ்கடிக்கப்பட்ட யமாட்டோ என்னும் போர்க்கப்பலை விண்வெளிக் கப்பலாக மீட்டெழுப்பிய தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் 1974இல் வெளிவந்தது. அதன்பின், மாபெரும் போர் எந்திரமனிதர்களைச் சுமந்து செல்லும் விண்கப்பல்கள் அந்நாட்டு இயங்குபடங்களின் நிலையான பாத்திரங்களாயின. பழைய பீரங்கிகள் அகற்றப்பட்டு, உள்ளறைகள் குடையப்பட்டு, எந்திரமனிதர்கள் சீறிப் பாய ஒரு தளம் அமைவதற்கு அக்கதைகளில் ஓர் அத்தியாயம் போதும். மின்வடத்தை யாரும் அளப்பதில்லை. கொதிகலனுக்குள் எந்தச் செங்கல் வைப்பது என்று யாரும் வாதிடுவதில்லை. கோர்ஷ்கோவின் வரலாறோ பெரும்பகுதி மின்வடங்களாலும் செங்கற்களாலும் ஆனது.

கப்பலின் பிறப்பைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பிற்காலச் சிக்கல்களின் வேர் அங்கேதான் உள்ளது. கருங்கடலை ஒட்டிய உக்ரைனின் நிகோலாயேவ் கப்பல் தளத்தில் 1978இல் அதன் கட்டுமானம் தொடங்கியது. 1987 இறுதியில் 'பக்கூ' என்ற பெயருடன் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. கீவ் வகுப்பைச் சேர்ந்த நான்கு கப்பல்களில் இறுதியானது அது. அமெரிக்கர்கள் புரிந்துகொண்ட பொருளில் அது விமானந்தாங்கிக் கப்பல் அன்று. சோவியத்துகள் அதை 'விமானங்களைச் சுமக்கும் கனரகக் குரூசர்' என்றே வகைப்படுத்தினர். இப்பெயரிடலுக்குப் பின்னால் ஒரு சட்ட நுட்பமும் இருந்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது: துருக்கியின் நீரிணைகள் வழியே போர்க்கப்பல்கள் செல்வதை 1936ஆம் ஆண்டின் மோன்த்ரோ உடன்படிக்கை ஒழுங்குபடுத்தியது, விமானந்தாங்கி என்று அழைக்கப்படாத கப்பல் அவ்வழியே கடப்பது எளிது.

பெயர் வெறும் சாக்காகவும் இல்லை. கப்பலின் முன்பாதி ஏவுகணைகளுக்கு உரியது. 12 பாசால்ட் கப்பலெதிர்ப்பு ஏவுகணைகளின் பெருங்குழல்கள் அங்கே நின்றன. விமானத் தளம் இடப்புறமும் பின்புறமுமாகச் சாய்ந்து ஓடியது. அதிலிருந்து இயங்கிய யாக்-38 செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்கும் விமானம். அதற்கு நீண்ட ஓடுதளம் தேவையில்லை. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடங்களும் தேவையில்லை. சுருங்கக் கூறின், இது ஏவுகணைக் கப்பல். விமானங்கள் அதன் துணைக்கருவிகள்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கப்பலின் பெயர் முதலில் பொருளிழந்தது. பக்கூ இப்போது அயல்நாட்டின் தலைநகரம். சோவியத் கடற்படையை ஏறத்தாழ முப்பதாண்டுகள் தலைமையேற்று வளர்த்த செர்கேய் கோர்ஷ்கோவின் பெயர் கப்பலுக்குச் சூட்டப்பட்டது. பெயரை மாற்றுவது எளிதாக முடிந்தது. ஆனால் கப்பலைக் கட்டிய நிகோலாயேவ் தளமும் அயல்நாட்டுக்குப் போயிற்று. யாக்-38 விமானங்கள் பணியிலிருந்து விலக்கப்பட்டன. 1994இல் கப்பலின் கொதிகலன் அறையில் விபத்து நேர்ந்தது. பழுதுபார்க்கப்பட்டுச் சிறிது காலம் இயங்கிய பின் 1996இல் ஓய்வளிக்கப்பட்டது. கட்டிய நாடு இல்லை, கட்டிய தளம் எல்லைக்கு அப்பால், சுமக்க வேண்டிய விமானமும் இல்லை. 1990களில் தில்லி பார்க்கத் தொடங்கிய கப்பலின் நிலை இது.

தில்லி ஏன் பார்த்தது? இதற்கு விடை 1957இலிருந்து தொடங்குகிறது. அரைகுறையாக நின்ற 'ஹெர்குலிஸ்' என்ற பிரித்தானியக் கப்பலை வாங்கி, பெல்பாஸ்ட்டில் முடித்து, 1961இல் 'விக்ராந்த்' என இந்தியா பணியில் சேர்த்தது. 1971 போரின்போது கொதிகலன் ஒன்றில் வெடிப்பு கண்ட நிலையில், வேகம் குறைந்த அக்கப்பல்தான் வங்கக் கடலில் கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களை முடக்கியது. அடுத்து 1959ஆம் ஆண்டின் கப்பலான, பால்க்லாந்து போரில் பங்கேற்ற 'ஹெர்மிஸ்'. 1987இல் அது 'விராட்' ஆனது. ஆக, இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கி மரபு முழுவதும் பிறர் தொடங்கிய கப்பல்களை மாற்றியமைத்துக்கொண்ட மரபு. கோர்ஷ்கோவை விதிவிலக்கான பேராசையாகச் சித்திரிப்பவர்கள் இத்தொடர்ச்சியைக் கவனிப்பதில்லை.

1997 ஜனவரியில் விக்ராந்த் ஓய்வுபெற்றது. எஞ்சியது விராட் மட்டுமே. அது செப்பனிடுதலுக்காகத் தளத்தில் ஏறிய மாதங்களில் இந்தியாவிடம் விமானந்தாங்கியே இல்லை. இங்கு பணயமாக இருந்தது ஒரு கப்பல் மட்டும் அன்று. அசையும் தளத்தில் விமானத்தை இறக்கும் திறன் நூலில் படித்து வருவதன்று. ஒரு தலைமுறை விமானிகளும் தளப் பணியாளர்களும் அடுத்த தலைமுறைக்குக் கையோடு கைகோத்துத் தரவேண்டியது. இடையில் பத்தாண்டு அறுந்தால் அதை மீண்டும் முதலிலிருந்துதான் கற்க வேண்டும். கொச்சியில் உள்நாட்டிலேயே ஒரு கப்பல் கட்டும் திட்டம் தாளில் இருந்தது. அதன் அடித்தளம் இடப்பட்டதே 2009இல்தான். சவுத் பிளாக்கில் அமர்ந்திருந்த கடற்படைத் தலைமை ஒரு பழைய குரூசரை நாடியதன் அவசரத்தை இப்பின்னணியிலேயே புரிந்துகொள்ள முடியும்.

பேச்சு 1990களின் நடுவில் தொடங்கி இழுபட்டது. 2000 அக்டோபரில் விளாதிமிர் புதின் தில்லிக்கு வந்தபோது இரு அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. அதன் மையத்தில் இருந்தது 'இலவசம்' என்ற சொல். கப்பல் நன்கொடை, செப்பனிடுதலுக்கும் விமானங்களுக்குமே பணம். அச்சொல்லின் மயக்கம் பெரிது. எந்த அளவு வேலை தேவை என்பதைக் கப்பலைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. திறந்து பார்த்த பின்போ வாங்குபவனால் விலக முடியாது. பழைய வீட்டை வாங்கிச் சுவரை உடைத்துப் பார்த்தவர்கள் இதை உடனே உணர்வர். 2004 ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட வேலைப் பட்டியல், பெருமளவு மேலோட்டமான பார்வையின் அடிப்படையில் அமைந்தது. 16 மிக்-29கே விமானங்களுக்கான தனி ஒப்பந்தமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. மக்களவை கலைக்கப்படுவதற்குச் சில வாரங்களே இருந்தன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலை நடந்த இடம் வெண்கடலின் கரையிலுள்ள சேவெரோத்வின்ஸ்க். அங்குள்ள சேவ்மாஷ் தளம் அணுசக்தி நீர்மூழ்கிகளைக் கட்டுவதில் பெயர்பெற்றது. விமானந்தாங்கியை அது கட்டியதும் இல்லை, மாற்றியதும் இல்லை. சோவியத் ஒன்றியம் நீடித்திருந்தால் இக்கப்பல் நிகோலாயேவுக்கே திரும்பியிருக்கும். அரசியல் எல்லை ஒன்று கப்பலையும் அதனை அறிந்த கைகளையும் பிரித்ததன் விலையை இறுதியில் தில்லி செலுத்தியது.

மாற்றத்தின் அளவைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். யாக்-38 ஏறத்தாழ 11 டன் எடையுடன் எழும் விமானம். மிக்-29கே முழுச்சுமையுடன் 24 டன்னுக்கும் மேல். அது நின்ற இடத்திலிருந்து எழாது; ஓடி, முகப்பில் சுமார் 14 பாகை மேல்வளைந்த 'ஸ்கீ ஜம்ப்' தளத்தின் மீது பாய்ந்துதான் காற்றில் ஏறும். இறங்கும்போது அதன் வால்கொக்கி தளத்தில் விரித்த மூன்று தடுப்பு வடங்களுள் ஒன்றைப் பற்ற வேண்டும். ஆகவே முகப்பிலிருந்த ஏவுகணைக் குழல்கள் அனைத்தும் பெயர்க்கப்பட்டன. அவ்விடத்தில் தளம் நீட்டப்பட்டு மேல்நோக்கி வளைக்கப்பட்டது. பின்புறமும் பக்கங்களும் அகற்றப்பட்டு விரிவாக்கப்பட்டன. உடற்பகுதியில் 234 புதிய பிரிவுகள் சேர்ந்தன. மொத்தமுள்ள 2,500 அறைகளுள் 1,750 புதிதாக உருவாக்கப்பட்டன. எட்டுக் கொதிகலன்களும் மாற்றப்பட்டன. பழைய மின்வடங்களில் ஒரு பகுதியைத் தக்கவைக்கலாம் என்ற கணக்கு பொய்த்தது. இறுதியில் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய வடம் இழுக்கப்பட்டது. தில்லியிலிருந்து சென்னை வரை இருப்புப்பாதை வழியே செல்லும் தொலைவைவிட அது அதிகம். பத்தில் ஏழு அறைகள் புதியன என்றால், அதைச் செப்பனிடுதல் என்று அழைப்பது சரிதானா என்பதே ஐயம். கட்டுவதைவிடக் கடினமான வேலை அது. முதலில் அவிழ்க்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும்.

2007இல் உண்மை வெளிப்பட்டது. கப்பல் குறித்த காலத்தில் வராது என்றும் மேலும் ஏறத்தாழ 120 கோடி டாலர் வேண்டும் என்றும் ரஷ்யத் தரப்பு கோரியது. சேவ்மாஷின் தலைமை இயக்குநர் அவ்வாண்டே பதவியிழந்தார். தில்லியில் சினம் எழுந்தது. நிலையான விலைக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றை மீண்டும் பேசுவதா என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது. ஆனால் பேரத்தில் இந்தியாவின் கை தாழ்ந்திருந்தது. பெருந்தொகை ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. கப்பல் அவர்களது தளத்தில் பிளக்கப்பட்ட நிலையில் கிடந்தது. மாற்றுக் கப்பல் உலகில் எங்கும் விற்பனைக்கு இல்லை.

சிஏஜி எனச் சுருங்க வழங்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2009 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆயுட்காலம் குறைந்த ஒரு பழைய கப்பலை, புதியதற்குக் கொடுத்திருக்க வேண்டியதைவிடக் கணிசமாக அதிக விலைக்கு இந்தியக் கடற்படை பெறப்போகிறது என்பது அதன் முடிவு. வேலையின் அளவு சரிவர மதிப்பிடப்படவில்லை, வான்வழித் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஆயுத அமைப்பு இல்லாமலே கப்பல் வரும் என்னும் குறைகளும் அதில் இடம்பெற்றன. அப்போதைய கடற்படைத் தளபதி சுரீஷ் மேத்தா, இதே தொகைக்கு இத்தகைய கப்பலை வேறு எவரேனும் தருவார்களா என்ற பொருளில் வெளிப்படையாகவே எதிர்வினையாற்றினார்.

இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதாகவே வழக்கமாக வாசிக்கப்படுகின்றன. உண்மையில் அவை இருவேறு கேள்விகளுக்கான விடைகள். தணிக்கையாளர் கேட்டது, 2004இல் தாளில் எழுதியதற்கும் 2009இல் கேட்கப்படுவதற்கும் இடையிலுள்ள தொலைவை யார் அனுமதித்தது என்று. தளபதி கேட்டது, இன்று சந்தையில் என்ன கிடைக்கும் என்று. முதல் கேள்விக்குத் தளபதியின் விடை விடையாகாது. அதே சமயம், 'புதிய கப்பல்' ஒன்று யாரும் விற்காத பொருளாக இருக்கும்போது அதன் விலையை அளவுகோலாக வைப்பதில் தணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆவணங்களை வாசிக்கும் மாணவர்கள் அறிக்கையின் இறுதி வரியை மட்டும் மேற்கோளாக எடுப்பதை விட்டு, வேலைப் பட்டியல் எவ்வாறு ஆண்டுக்காண்டு நீண்டது என்பதைத் தொடர்ந்து செல்வது பயன்தரும். குற்றம் இருப்பின் அது அங்கேதான் இருக்கிறது: 2004க்கு முன், கப்பலை முழுமையாகத் திறந்து ஆய்வதற்கான காலத்தையும் செலவையும் ஏற்க இரு தரப்பும் விரும்பவில்லை.

மற்றொன்றும் உண்டு. அதே ஆண்டுகளில் ரஷ்யா இந்தியாவுக்கு ஓர் அணுசக்தி நீர்மூழ்கியைக் குத்தகைக்கு அளித்தது. 'சக்ரா' என்ற பெயருடன் அது 2012 ஏப்ரலில் பணியில் சேர்ந்தது. வேறெந்த நாடும் தராத பொருள் அது. கோர்ஷ்கோவையும் சக்ராவையும் ஒரே பேரத்தின் இரு முகங்களாகக் காண்போர் உளர். அப்பார்வை சரியெனில் 230 கோடி டாலர் என்பது ஒரு கப்பலின் விலையாக மட்டும் நிற்காது. தணிக்கை அறிக்கைகளில் நட்புக்கென்று தனிப் பத்தி இல்லை.

2009 டிசம்பரில் மன்மோகன் சிங் மாஸ்கோ சென்றபோது விலைச் சிக்கல் தணிந்தது. 2010 மார்ச்சில் புதின் தில்லி வந்தபோது புதிய தொகை முடிவாகி, மேலும் 29 மிக்-29கே விமானங்களும் வாங்கப்பட்டன. 2012 ஜூலையில் கப்பலின் தளத்தில் முதன்முதலாக மிக்-29கே இறங்கியது. செப்டம்பரில் முழுவேகச் சோதனையின்போது எட்டுக் கொதிகலன்களுள் ஏழு பழுதடைந்தன. அஸ்பெஸ்டாஸ் வேண்டாமென இந்தியத் தரப்பு மறுத்ததால் மாற்றாக வைத்த வெப்பக்காப்புச் செங்கற்கள் தாங்கவில்லை என்று கப்பல் தளத்தின் தரப்பில் கூறப்பட்டது. உள்ளே மாதக்கணக்கில் இருந்து பணியாற்றப்போகும் மாலுமிகளின் நுரையீரலைக் கருதினால் அந்த மறுப்பில் பிழை காண்பது கடினம். மேலும் ஓராண்டு கழிந்தது.

2013 நவம்பர் 16 அன்று, உறைபனிக் காலத்தின் வாயிலில், சேவெரோத்வின்ஸ்கில் ஏ.கே. அந்தோணி முன்னிலையில் கப்பல் 'விக்ரமாதித்யா'வாகப் பணியில் சேர்ந்தது. 284 மீட்டர் நீளம், 44,500 டன் எடை, 22 அடுக்குகள், 1,600க்கு மேற்பட்ட மாலுமிகள். மாதம் ஒன்றுக்கு 16 டன் அரிசியும் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டைகளும் தேவைப்படும் மிதக்கும் ஊர் அது. தணிக்கையாளர் சொன்னபடியே வான்பாதுகாப்பு ஆயுதங்கள் இன்றியே அது கார்வாரை அடைந்தது. அவை பின்னர்ப் பொருத்தப்பட்டன.

விமானங்கள் வேறொரு தணிக்கைக்கு உள்ளாயின. மிக்-29கே விமானங்களில் பறக்கத் தகுதியான நிலையில் இருந்தவற்றின் விகிதம் ஏறத்தாழ 16 முதல் 38 சதவீதம் வரையே என்றும், பெறப்பட்ட 65 எஞ்சின்களுள் 40 குறைபாடுகளால் விலக்கப்பட்டன என்றும் 2016இல் சிஏஜி பதிவுசெய்தது. பல்லாயிரம் கோடி ரூபாய்க் கப்பல், விமானங்களுக்காகக் காத்திருக்கும் நாள்கள் இருந்தன என்பதே இதன் பொருள். அவ்வாண்டு ஜூன் மாதம் கார்வாரில் பராமரிப்புப் பணியின்போது நச்சுவாயு கசிந்து இருவர் இறந்தனர். ஒருவர் மாலுமி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. 2019 ஏப்ரலில் துறைமுகத்துக்குள் நுழையும் வேளையில் மூண்ட தீயை அணைக்க முயன்ற ஓர் அதிகாரி உயிரிழந்தார். கப்பலின் விலை பற்றிய விவாதங்களில் இம்மூவரும் இடம்பெறுவதில்லை.

ஒப்பீட்டுக்கு உடன்பிறந்த கப்பல்களைப் பார்க்கலாம். நான்கில் இரண்டு, கீவும் மின்ஸ்கும், சீனாவில் கேளிக்கைப் பூங்காக்களாயின. நோவோரோசியஸ்க் தென்கொரியாவில் உடைக்கப்பட்டது. அதே நிகோலாயேவ் தளத்தில் முடிவடையாமல் நின்ற, வேறு வகுப்பைச் சேர்ந்த 'வர்யாக்' சூதாட்ட விடுதியாகப் போவதாகச் சொல்லி 1998இல் சீனர் ஒருவரால் வாங்கப்பட்டு, தாலியன் தளத்தில் சீன அரசின் கையால் முடிக்கப்பட்டு, 2012 செப்டம்பரில் 'லியாவ்னிங்' எனப் பணியில் சேர்ந்தது. சீனா வெற்றுக்கூட்டை வாங்கித் தன் தளத்தில் கற்றுக்கொண்டது. இந்தியா முடித்த கப்பலைக் கேட்டுப் பிறர் தளத்துக்குப் பணம் செலுத்தியது. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கப்பலைப் பெற்றன. கற்றலை நேரடியாக ஒப்பிடுவது முழு நியாயமன்று. கொச்சித் தளம் அதே ஆண்டுகளில் தன் வழியில் கற்றுக்கொண்டிருந்தது. அங்கு கட்டப்பட்ட புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்தபோது, அதன் முகப்பிலும் ஸ்கீ ஜம்ப் தளம் இருந்தது. அதிலும் மிக்-29கே விமானங்களே ஏறின.

அவ்விமானங்களுக்கு மாற்றாக 26 ரஃபால்-எம் விமானங்களை வாங்கும் ஒப்பந்தம் 2025 ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது; அதுவும் தில்லியில்தான், ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய்க்கு. மிக்-29கேயின் இறக்கைகள் மடங்கும். ரஃபால்-எம்மின் இறக்கைகள் மடங்குவதில்லை. மிக்-29கேயை மனத்தில் வைத்து அமைத்த தூக்குமேடைகளில் அதை எவ்வாறு கீழிறக்குவது என்ற அளவுக் கணக்கை அதிகாரிகள் மறுபடியும் போட வேண்டியதாயிற்று.